வெள்ளமில்லாத மாலைகள்

மொட்டை மாடியில் ஆன்டெனா கட்ட அனுமதி கேட்டுக் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது: வெள்ளம், புயல் போன்ற காலங்களில் இது நம் எல்லோருக்கும் உதவும். ஹாம் ரேடியோ, அதாவது ஆர்வத்துக்காக உரிமம் பெற்று நடத்தும் அமெச்சூர் வானொலி, வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த வரியை எங்காவது எழுதியோ சொல்லியோ இருப்பார். கல்லூரியில் செயல்விளக்கம் காட்டும்போதும், ‘இதனால் என்ன பயன்?’ என்று பத்திரிகைக்காரர் கேட்கும்போதும், ரிசீவரின் இரைச்சல் தாங்காமல் வீட்டில் யாராவது முகம் சுளிக்கும்போதும் அதுவேதான் முன்னால் வந்து நிற்கிறது. சங்கச் செயலாளர் நல்ல மனிதர். “அதான் ஆளுக்கு ரெண்டு போன் இருக்கே சார், கம்பியெல்லாம் எதுக்கு? இடி இழுத்துடாதா?” என்று ஆரம்பிப்பவர், வெள்ளம் என்றதும் இளகிவிடுகிறார். அந்த வரி பொய்யில்லை. ஆனாலும் எழுதி முடித்த பிறகு உள்ளே ஏதோ நெருடுகிறது. வெகுநாளாக விட்டுப் போகாத நெருடல். எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை, ஊர் மூழ்கும் நாளைக் காட்டித்தான் வீட்டுக்குள் அழைத்துவர வேண்டியிருக்கிறதா? வெள்ளமே வராத ஆண்டில் அந்தக் கம்பி மாடியில் இருப்பதற்கு என்ன நியாயம்? நல்ல மழை பெய்து, ஏரி நிரம்பி, தெரு காய்ந்து, எல்லார் வீட்டிலும் விளக்கெரியும் ஒரு சாதாரண மாலையில் அதற்கு மதிப்பே இல்லையா?

வெள்ளத்தைப் பற்றிச் சென்னைக்குத் தெற்கே இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரைமீறி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகளில் மறுபடியும் படகு ஓடியது. இரண்டு முறையும் தண்ணீருக்கு அடுத்தபடியாக மக்களை வதைத்தது கைபேசியின் மௌனம். நம் கையில் இருப்பதும் ரேடியோதான்; ஆனால் அதன் பேச்சு பக்கத்து டவர் வரைக்கும்தான் காற்றில் போகிறது. அதற்கு அப்பால் டவருக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரம் நின்றால் பேட்டரி, பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், டீசலைக் கொண்டுவர முழங்கால் தண்ணீரில்லாத ஒரு சாலை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் போன் வெறும் கைவிளக்கு. ஹாம் ரேடியோவுக்கு நடுவில் எதுவும் தேவையில்லை: இங்கே ஒரு ரிக் (பேசவும் கேட்கவும் உதவும் கருவி), ஒரு கார் பேட்டரி, இருபது மீட்டர் கம்பி, அங்கேயும் அவ்வளவே. 2015 வெள்ளத்தில் ஹாம்கள் செய்தி கடத்தியது அப்படித்தான். ஆனால் அங்கே ஒருவர் இருக்க வேண்டும். அந்த நேரத்தில், அந்த அலைவரிசையில், காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கருவியை வாங்கிப் பரணில் வைத்துவிட்டால் அந்த ஆள் கிடைத்துவிட மாட்டார். என் கடிதத்தின் அந்த வரி கருவியைப் பற்றிப் பேசுகிறது, ஆளைப் பற்றி மூச்சு விடுவதில்லை. நெருடல் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்திய ஹாம்கள் பாரதி பிரசாத்தின் பெயரைச் சொல்வார்கள். டெல்லியைச் சேர்ந்தவர், வி.யு.2 ஆர்.பி.ஐ. என்பது அவர் கால் சைன், காற்றில் அவருடைய அடையாளப் பெயர். அந்தமானில் தொலைபேசிகள் செத்துக்கிடந்த நாட்களில் போர்ட் பிளேரிலிருந்து அவரும் உடனிருந்த ஹாம்களும் நிலப்பகுதிக்குச் செய்தி அனுப்பினார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்த குடும்பங்களுக்குப் பதில் போயிற்று. இதைச் சொல்லும்போது அவர் அங்கே ஏன் இருந்தார் என்பதை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். 1980களுக்குப் பிறகு அதுவரை அந்தமானிலிருந்து ஹாம் குரல் எழும்பியதில்லை. அந்தத் தீவுகளோடு ஒரே ஒரு காண்டாக்ட் கிடைக்காதா என்று உலகமெங்கும் ஹாம்கள் காத்திருந்தார்கள். அரசு அனுமதி பெற்று அந்த ஆசையைத் தீர்த்துவைக்கப் போன பயணம் அது. கால் சைனைச் சொல்வது, ‘ஃபைவ் நைன்’ என்று எதிராளியின் குரல் வந்த தெளிவைச் சொல்வது, நன்றி சொல்லி அடுத்தவருக்குப் போவது. சுனாமிக்கு முந்தைய நாட்களில் அவர்கள் ஆயிரக்கணக்கானோருடன் செய்துகொண்டிருந்தது இவ்வளவுதான். நடைமுறை மனிதர் யாரிடம் காட்டினாலும் வேலையற்ற வேலை என்பார். அந்த வேலைக்காகக் கட்டிய ஆன்டெனா, அந்த வேலையில் பழகிய காது, அந்த வேலையால் அந்தமானை நோக்கித் திரும்பியிருந்த உலகத்தின் கவனம், இந்த மூன்றும் அன்று காலை தயாராக இருந்தன. பேரிடருக்கென்று யாரும் எதையும் அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை.

அமெச்சூர் வானொலிக்கான சர்வதேச விதியில் நெடுங்காலம் ஒரு நிபந்தனை இருந்தது. வெவ்வேறு நாட்டு ஹாம்கள் பேசிக்கொள்ளும்போது தொழில்நுட்பச் சோதனைகளைப் பற்றிப் பேசலாம். சொந்த விஷயம் பேசுவதானால், பொதுத் தந்தி, தொலைபேசிச் சேவையை நாடும் அளவுக்கு முக்கியமில்லாததாக அது இருக்க வேண்டும். 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாட்டில்தான் இந்த வாசகம் மாறியது. தந்தித் துறைகளின் வருமானத்தைக் காப்பதற்காக எழுதப்பட்ட விதி என்பது புரிகிறது. ஆனால் படிக்கும்போதெல்லாம் திகைப்பாக இருக்கிறது: முக்கியமில்லாததை மட்டுமே பேசும்படி சட்டம் போட்டுக் காப்பாற்றிய இடம் மனிதர்களுக்கு வேறு எங்காவது கிடைத்திருக்கிறதா? வியாபாரம் பேசக்கூடாது, விளம்பரம் கூடாது, பாட்டுப் போடக்கூடாது, சங்கேத மொழி கூடாது. விற்க முடியாததும் மறைக்க முடியாததும் போக மீதி இருப்பதைத்தான் பேச வேண்டும். என்ன மிஞ்சும்? வானிலை, உடம்பு, சாப்பாடு, ஆன்டெனா. நேற்று கேட்ட ஒரு குரல். இன்று ஏன் அது கேட்கவில்லை என்ற யோசனை.

எங்கள் பக்கத்தில் மாலையில் நடக்கும் நெட்டில், ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடும் சபையில், பேசப்படுவது அதுதான். நெட்டை நடத்துகிறவர் தன் கால் சைனைச் சொல்லி வரிசையாகக் கூப்பிடுவார். ஒவ்வொருவராகச் செக் இன் செய்வார்கள். “குட் ஈவினிங் ஓஎம், முடிச்சூர்ல லேசா தூறல். கோ-ஆக்ஸ் கேபிள்ல தண்ணி எறங்கிடுச்சு போலிருக்கு, என் சிக்னல் எப்படி வருது, ஓவர்.” “சிக்னல் நல்லா இருக்கு அண்ணே, ஆடியோலதான் ஒரு ஹம் கேக்குது. இங்க கூடுவாஞ்சேரில மழையே இல்ல, ஓவர்.” எண்பதைத் தாண்டிய ஒருவர் மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று இன்னொருவரை விசாரிப்பார். செய்தி என்று எழுதிவைக்க ஒன்றும் இருக்காது. ஆனால் கவனித்துப் பார்த்தால் இந்தப் பேச்சின் அமைப்பு வேறெந்தப் பேச்சிலும் இல்லாதது. மைக்கின் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை பேசுகிறவருக்கு எதுவும் கேட்காது. பேசிக்கொண்டே கேட்பது இங்கே நடக்காத காரியம். ஆகவே பேசுகிற ஒவ்வொரு முறையும், இப்போது செவிடாக இருக்கிறோம் என்று தெரிந்தே பேச வேண்டும். அதைவிட முக்கியம், ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே பொத்தானை அழுத்தக்கூடாது என்பது. இரண்டு மூன்று விநாடி விட வேண்டும். பலவீனமான சிக்னலோடு ஓரத்தில் காத்திருப்பவர் யாராவது, அவசரம் என்று சொல்ல வேண்டியவர் யாராவது, அந்த இடைவெளியில் நுழைந்துகொள்வதற்காக. புதிதாக வருகிறவர்களுக்கு மூத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லித் தரும் ஒழுக்கம் இது. அநேகமாக எல்லா மாலைகளிலும் அந்த இடைவெளியில் யாரும் வருவதில்லை. ஆனாலும் விடுகிறார்கள். தெரியாத ஒருவருக்காக, வராத ஒருவருக்காக, பேச்சுக்குப் பேச்சு இரண்டு விநாடியை ஒதுக்கிவைக்கும் சபை இந்த ஊரில் வேறு எங்கே கூடுகிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். தொலைக்காட்சி விவாதத்தில் அந்த இரண்டு விநாடி கிடைக்காது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் கிடைக்காது.

கேட்பது வரவரக் கடினமாகிக்கொண்டும் இருக்கிறது. நான் இங்கே குடிவந்த காலத்தில் 40 மீட்டர் பேண்டில் யாரும் பேசாதபோது சிக்னலின் வலிமையைக் காட்டும் முள் எஸ்-3ஐ ஒட்டி நிற்கும். இப்போது எஸ்-7. பார்வைக்கு நான்கு கோடுதான். மின்திறன் கணக்கில் இரைச்சல் சுமார் 250 மடங்கு. சூரியனோ மேகமோ காரணமில்லை. எல்இடி விளக்கு, போன் சார்ஜர், வீட்டு இன்வர்ட்டர், மாடியில் சோலார், லிஃப்ட் மோட்டாரை ஓட்டும் பெட்டி என்று மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சின்னச் சின்னச் சுற்றுகள் ஒவ்வொன்றும் காற்றில் கொஞ்சம் குப்பையைக் கொட்டுகிறது. ஜிஎஸ்டி சாலையின் இரு புறமும் மனை விற்று மாடி எழும்ப எழும்ப இந்த மட்டம் ஏறிக்கொண்டே போயிற்று. ஏரியில் நீர் ஏறும்போது கரையோரப் பாறைகள் ஒவ்வொன்றாக மறைவதைப்போல தூரத்துக் குரல்கள் ஒவ்வொன்றாக அடியில் போயின. அவர்கள் பேசாமல் இல்லை, நமக்குத்தான் கேட்பதில்லை. ஒரு மழைக்கால இரவில் நந்திவரம் பக்கம் முழுவதும் மின்சாரம் போயிற்று. ரிக் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் அதுவரை அடித்துக்கொண்டிருந்த கரகரப்பு, யாரோ கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் அடங்குகிற மாதிரி அறுந்து நின்றது. முள் சரிந்தது. அதன் அடியில் ஆட்கள் இருந்தார்கள். இந்தோனேசியர் ஒருவர் நிதானமாகத் தன் கால் சைனைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சிங்களத்தில் ஒரு உரையாடல். மிக மெல்லிய மோர்ஸ், எழுத்து எழுத்தாக. அவர்கள் எல்லோரும் முந்தைய விநாடியும் என் மாடிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். மின்சாரம் திரும்பியதும் மறுபடியும் இரைச்சல். ஏரிக்கும் கால்வாய்க்கும் இடமில்லாமல் கட்டிக்கொண்டே போகும் அதே வளர்ச்சிதான் இந்த மட்டத்தையும் உயர்த்துகிறது என்பதை அன்றிலிருந்து மறக்க முடியவில்லை. வெள்ளத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். இதைப் பற்றிப் பேச ஆளில்லை.

கேட்பவரும் பேசுபவரும் பிரிந்துபோன கதை பழையது. சென்னைக்கு வானொலி வந்ததே ஒரு கிளப்பின் வழியாக. 1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி அதற்கு உயிராக இருந்தார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பித்தது. பணத் தட்டுப்பாட்டால் 1927இல் நின்றது. அதன் டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போய், 1930 ஏப்ரலில் மாநகராட்சியே ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 ஜூனில் ஆல் இந்தியா ரேடியோ அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. ஆர்வலர்களின் கையிலிருந்து மாநகராட்சியின் கைக்கும், அங்கிருந்து அரசின் கைக்கும். கச்சேரி, நாடகம், செய்தி, விவசாயக் குறிப்பு என்று வானொலி முக்கியமானதாக ஆக ஆக, பேசுபவர் ஒரு பக்கமும் கேட்பவர் மறுபக்கமுமாகப் பிரிந்துபோனார்கள். அந்த வானொலி நமக்குக் கொடுத்ததை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பேட்டரியும் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்களைவிட அதன் அருமை தெரிந்தவர் யார்? ஆனால் அந்தப் பெரிய பிரிவினையில் ஹாம்களிடம் தங்கிப்போனது, கேட்கிறவரே பதிலும் சொல்லக்கூடிய பழைய ஏற்பாடு. அரசுகள் அதன் வலிமையை அறிந்தே இருந்தன: 1939இல் போர் மூண்டதும் இந்திய ஹாம்களின் உரிமங்கள் முடக்கப்பட்டு, 1946இல்தான் திரும்பக் கிடைத்தன. முக்கியமில்லாத பேச்சு என்று விதி சொன்னது. முக்கியமான நாளில் முதலில் வாயடைத்ததும் அதைத்தான்.

கேட்பதைச் சொல்லித்தரும் வேலையாகத்தான் இன்றைய ஹாம் கிளப்களின் மற்ற காரியங்களும் எனக்குத் தெரிகின்றன. ஞாயிறன்று புறம்போக்குத் திடலில் சிறிய டிரான்ஸ்மிட்டரை ஒளித்துவைத்துவிட்டு, பிவிசி குழாயில் தச்சரின் எஃகு அளவு நாடாவை வெட்டிப் பொருத்திய யாகி ஆன்டெனாவோடு பிள்ளைகளை அனுப்புவார்கள். சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்பதைவிட எந்தப் பக்கம் அடியோடு மறைகிறது என்பதைத்தான் நம்ப வேண்டும் என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும் நொடி பார்க்கத் தக்கது. ரிக்கைத் தானே கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2000களில் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற டிரான்ஸ்ஸீவரில், இந்தியக் கடைகளில் எளிதில் கிடைக்காத காயில் வளையங்களுக்குப் பதிலாகக் குழாய் வாஷரில் கம்பி சுற்றச் சொல்லியிருந்தார். ரிச்சி தெருவில் டிரான்சிஸ்டரும் பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையில் வாஷரும் வாங்கி ஒருவர் கட்டி முடித்த ரிசீவரில் முதன்முதலாக மனிதக் குரல் கேட்கும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, பயன் என்ன என்ற கேள்வி எழாது. கூடுவாஞ்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் பொத்தேரி. அங்கே எஸ்ஆர்எம் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய 10.9 கிலோ எடையுள்ள எஸ்ஆர்எம்சாட், 2011 அக்டோபர் 12 அன்று பிஎஸ்எல்வி சி-18இல் போனது. அதன் அடையாளத் துடிப்பு ஹாம்களின் 70 சென்டிமீட்டர் பேண்டில் ஒலித்தது. 867 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 20 டிகிரி சாய்வில் சுற்றியதால் நம் தலைக்கு மேலே அடிக்கடி வந்தது. வரும்போது ஒலி கொஞ்சம் உச்சத்தில் தொடங்கி, கடக்கக் கடக்க இறங்கியது. ஒன்பது கிலோஹெர்ட்ஸ் வரை விலகிய அந்த அதிர்வெண்ணைக் கையால் டயலைத் திருப்பித் துரத்த வேண்டியிருந்தது. டாப்ளர் விளைவைப் பாடப் புத்தகத்தில் படிப்பதும் அதன் பின்னாலேயே விரலை ஓட்டுவதும் வேறு வேறு அறிவு.

சந்தேகங்களும் இருக்கின்றன. செயற்கைக்கோளோடு நேரடியாகப் பேசும் கைபேசிகள் வந்துகொண்டிருக்கின்றன. லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் டவர்கள் இருக்கின்றன. அடுத்த பெருவெள்ளத்தில் ஹாம்களை யாரும் தேடாமல் போகலாம். அப்படி ஆனால் நல்லதுதான். மக்கள் தவிக்காமல் இருப்பதே வேண்டும். அன்றைக்கு என் கடிதத்தின் அந்த வரி செத்துவிடும். அதோடு ஆன்டெனாவும் இறங்க வேண்டுமா? நெட்டில் குரல்கள் குறைந்துவருவதும் உண்மை. இறந்தவரை ஹாம்கள் ‘சைலன்ட் கீ’ என்பார்கள். அந்த அறிவிப்பு வருகிற மாலைகள் கூடியிருக்கின்றன. பன்னிரண்டு வயது நிரம்பினால் உரிமத் தேர்வு எழுதலாம். உரிமத்தின் ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ்கூட வேண்டாம். ஆனாலும் வருகிற பிள்ளைகள் சிலரே, பெண்பிள்ளைகள் அதிலும் சிலர். பழைய இன்பத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோமோ என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. தினமும் கேட்கிற ஒருவருக்கு, தான் குடியிருக்கும் ஊரின் மேலே இருக்கும் வானம் தெரியும். பகலில் 40 மீட்டரில் பெங்களூரும் கோவையும் அருகே வரும், பொழுது சாய்ந்ததும் அவை விலகிப்போய்ச் சமுத்திரத்துக்கு அப்பால் உள்ளவர்கள் நெருங்குவார்கள் என்பது அவருக்குக் காதால் தெரியும். 2024 மே 10, 11 தேதிகளில் சூரியப் புயல் வந்து லடாக்கின் ஹன்லே வானம் சிவந்தது. அதைப் படத்தில் பார்த்தவர்கள் கோடிப்பேர், சிற்றலை சோர்ந்து கிடந்ததைத் தன் வீட்டு மாடியிலேயே உணர்ந்தவர்கள் கொஞ்சம் பேர். வண்டலூர்க் குன்று எந்தத் தெருவின் குரலை மறைக்கும், எந்த மாடியிலிருந்து செங்கல்பட்டு கிடைக்கும், மின்ரயில் கடக்கும்போது எந்தப் பேண்டில் கரகரக்கும் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர் அறிவு. மனை எண்ணும் சதுரடியும் மட்டுமாக ஊரை அறிந்து வைத்திருக்கும் நமக்கு இப்படியும் ஒருவர் தேவை.

வெள்ள நாளின் காரியமும் இதற்குள்ளேயே அடங்கியிருப்பதாக இப்போது படுகிறது. முடிச்சூர்க்காரரின் குரல் வழக்கத்தைவிடத் தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, வழக்கமான குரலைக் கேட்டிருக்க வேண்டும். எந்த நேரத்தில் எந்தப் பேண்ட் திறக்கும் என்பதைப் புயலடிக்கும்போது உட்கார்ந்து படிக்க முடியாது. இரண்டு விநாடி விட்டுப் பேசும் பழக்கம் பதற்றத்தில் புதிதாக வராது. ஆயிரம் வெற்று மாலைகளில் படிந்திருந்தால்தான் அன்று கை தானாகப் பொறுக்கும். பேரிடருக்காக மாலைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவந்தோம். தலைகீழாகக் கேட்டிருக்க வேண்டும். மாலைகள்தான் காரியம். அவை இருந்தால் அந்த ஒரு நாளுக்கும் அவற்றிலிருந்து எடுத்துக்கொடுக்க முடியும்.

ஆகவே சங்கத்துக்கு இந்த முறை எழுதும் கடிதம் வேறு மாதிரி இருக்கும். உரிமத்தின் நகல், இடிதாங்கிக்கும் எர்த்துக்கும் செய்த ஏற்பாடு, கம்பி யார் தலையிலும் இடிக்காத உயரம் எல்லாம் முறையாக வரும். காரணம் என்ற இடத்தில், மாலையில் ஒரு மணி நேரம் தூரத்தில் உள்ளவர்களைக் கேட்பதற்காக என்று எழுதுவேன். ஞாயிறு காலைகளில் இந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் யார் வந்தாலும் ஹெட்போனைத் தருவேன் என்றும், குடியிருப்புக்குப் புதிய விளக்குகளும் இன்வர்ட்டரும் வாங்கும்போது இரைச்சல் குறைந்தவையாகப் பார்த்து வாங்க உதவுவேன் என்றும் சேர்ப்பேன். வெள்ளம் அந்தக் கடிதத்தில் வராது. செயலாளர் மறுத்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து இதே காரணத்தைச் சொல்லி மறுபடியும் கேட்பேன். ‘வெள்ளம் வந்தால் உதவுமா?’ என்று அங்கே யாராவது கேட்டால், உதவும், தினமும் கேட்க விட்டீர்களானால் உதவும் என்று பதில் சொல்வேன்.